இருபத்தெட்டு அங்குலம்

...இன்னும் ஒரு விரற்கடை, ஒரே ஒரு விரற்கடை வலது பக்கம் தள்ளிப்போய் இலக்குப் பலகையில் குத்திக்கொண்டு நிற்கின்றன இந்த மொட்டை அம்புகள், இறகு ஒட்டின நாலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நடுவில் நிற்க, இறகில்லாத இரண்டு மட்டும் கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி ஒதுங்கி நிற்கின்றன, சரி, போன வாரம் நாலு விரற்கடை இருந்தது, போன மாதம் ஒரு சாண், இப்போது ஒன்றுக்கு வந்திருக்கிறது, இன்னும் கால் அங்குலம் வெட்டினால் சரியாகிவிடும், ஆனால் மணி மூன்று, ஐந்துக்கு அவர் வந்துவிடுவார். பத்து மாதத்துக்கு அப்புறம் என் வீட்டுக்காரர் இன்றைக்குத்தான் வில்லைத் தொடப்போகிறார், தோள்பட்டையை அறுத்துத் தைத்த டாக்டர் ஒருவழியாகத் தலையாட்டிவிட்டார், ஒரு நாளைக்கு முப்பது அம்பு, அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. அதற்குள் இந்த ஆறு அம்பையும் புது வில்லுக்குத் தோதாகச் சரிபண்ணி அவர் கையில் கொடுக்க வேண்டும், கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், நானாகச் சொன்னேனா அவர் சொல்லி நான் மண்டையை ஆட்டினேனா, இப்போது அதைத் தோண்டி என்ன ஆகப்போகிறது. கால் விட்டுப்போகிறது. காலை எட்டிலிருந்து ஒன்றரை வரை துணி வெட்டுகிற மேசை முன்னால் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போய் அவருக்குச் சோறு போட்டுவிட்டு, பஸ்ஸிலும் நின்றுகொண்டே வந்து, இங்கேயும் நின்றுகொண்டே அம்பு விடு என்றால் காலும் என்னதான் செய்யும். உட்கார்ந்து அம்பு விடுகிற வில் ஒன்றை யாராவது கண்டுபிடித்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

அவருடைய பழைய வில் ஐம்பது ராத்தல் இழுப்பு, அதை இனிமேல் தொட்டால் தையல் பிரிந்துவிடும் என்று டாக்டர் பயமுறுத்தினார், அதனால் இந்தப் புதுசு, முப்பத்தெட்டு ராத்தல், இரண்டு முனையும் வெளிப்பக்கம் திரும்பி வளைந்த மரவில், குறிபார்க்கக் கண்ணாடி கிடையாது, கம்பி கிடையாது, கண்ணும் கையும்தான். வில் மாறினால் அம்பும் மாற வேண்டும், பழைய அம்பு இதற்கு ரொம்ப விறைப்பு, சின்ன வில் தள்ளுகிற தள்ளலுக்கு அது வளைந்தே கொடுக்காது, இடது பக்கம் ஓடிவிடும். அம்பு வளைய வேண்டும், பார்க்கிறவர்களுக்குத்தான் அது நேராகப் போகிற மாதிரித் தெரியும், உண்மையில் நாண் தள்ளின வேகத்தில் மீன் மாதிரி இடுப்பை நெளித்து வில்லைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே போகிறது, கூடுதலாக நெளிந்தாலும் கெடுதல், நெளியாவிட்டாலும் கெடுதல். அதனால் நெளிகிற தண்டாகப் பார்த்து முழு நீளத்தில் வாங்கி, முப்பத்திரண்டு அங்குலம், முனைப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வர வேண்டும், வெட்ட வெட்ட விறைக்கும், எங்கே போதும் என்று அம்பே சொல்லும். இறகு ஒட்டின அம்பு சொல்லாது, அது எத்தனை கோணலாகக் கிளம்பினாலும் இறகு பிடித்துத் திருப்பிவிடும், மொட்டை அம்புக்குத்தான் மறைக்கத் தெரியாது. பத்து வருஷம் இந்த மைதானத்து பெஞ்சில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்து அவருக்கு அம்பு பொறுக்கிக் கொடுத்ததில் இதெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது, யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. முப்பது அம்புக் கணக்கை அவர் சோதனைக்கே செலவு பண்ணிவிட்டால் அப்புறம் விளையாட எங்கே மிச்சம், நீயே விட்டுப் பார்த்து சரிபண்ணி வச்சிடு, நான் வந்து எடுத்துக்கறேன் என்றார், துணி துவைத்து மடித்து வை என்கிற அதே குரலில்.

சரி, வெட்டுவோம். கொட்டகைக்குள் போய் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி முனைக்குச் சூடு காட்ட வேண்டும், பசை இளகினதும் இடுக்கியால் முனையை உருவி, கால் அங்குலம் குறித்து, ஈரத் துணி சுற்றிச் சின்ன ரம்பத்தால் அறுத்து, விளிம்பைத் தேய்த்து, திரும்ப முனையை ஒட்டி, ஆறு அம்புக்கும் ஆறு தடவை. சூடு கொஞ்சம் கூடினாலும் தண்டு கருகிவிடும், அவசரப்படக் கூடாது, எனக்கு அவசரப்படத் தெம்பும் இல்லை. சாவியக்கா பெஞ்சில் உட்கார்ந்து ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு பார்க்கிறாள், மைதானத்துச் சாவி அவளிடம்தான், அதனால் அந்தப் பேர். "இன்னும் எத்தனை தடவைதான் வெட்டுவ, கடைசியில பல்லு குத்துறதுக்குத்தான் ஆகும் பாரு" என்கிறாள். "குத்திக்கலாம்க்கா, வீணா போகாது" என்கிறேன். இரண்டாவது வரிசையில் அம்பு விடுகிற பல் டாக்டர், கேட்காமலே யோசனை சொல்வதில் மன்னன், "இன்னுமா முடியல? நான் என்னோடதை ரெண்டே நாள்ல முடிச்சேன்" என்று போன வாரமும் சொன்னான், அதற்கு முந்தைய வாரமும் சொன்னான். இரண்டு நாளில் முடிகிற வேலைதான், எனக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது. புதன் சனி, புதன் சனி. முதலில் நாணில் அம்பு கோக்கிற இடம் சரியில்லை, ஒரு சுற்று நூலை அவிழ்த்து ஒரு சுற்று ஏற்றினேன், அதற்கு ஒரு வாரம், அப்புறம் காற்று, அப்புறம் மழை, அப்புறம் விரலில் மாட்டுகிற தோல் தேய்ந்துவிட்டது என்று ஒரு வாரம். வீட்டுக்குப் போனதும் அவர் கட்டிலில் படுத்தபடியே முடிஞ்சுதா என்பார், இன்னும் இல்லீங்க, இன்னும் வலது பக்கம் போகுது என்பேன், பொய்யில்லை, போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் நான் அதை விரட்டிப் பிடிக்கவும் இல்லை.

விரட்டிப் பிடித்து என்ன செய்ய. முடிந்துவிட்டால் புதனும் சனியும் இங்கே எனக்கு என்ன வேலை. அவர் விடுவார், நான் பெஞ்சுக்குப் போவேன், ஃபிளாஸ்க்கைத் திறப்பேன், மூடுவேன். இந்த இரண்டு மணி நேரத்தில் என்னிடம் யாரும் துண்டு எங்கே என்று கேட்பதில்லை, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்பதில்லை, கடையில் மாதிரி நாற்பது சட்டைக்கு இன்றைக்கே வெட்டித் தா என்று யாரும் தலைக்கு மேல் நிற்பதில்லை. நாணை இழுத்து, கட்டைவிரல் தாடையில் படுகிற அந்த நொடியில் மண்டைக்குள் ஓடுகிற அத்தனை சந்தடியும் நின்றுவிடுகிறது, யாரோ வீட்டு மிக்சியை நிறுத்தின மாதிரி, அப்போதுதான் இத்தனை நேரம் அது ஓடிக்கொண்டிருந்ததே தெரிகிறது. சொல்லப்போனால் எனக்கு இது பிடித்திருக்கிறது, ரொம்பப் பிடித்திருக்கிறது, நாற்பத்தெட்டு வயதில் வெட்கம்கெட்டுப் போய்ச் சொல்கிறேன். அவர் மட்டும் என்ன, கெட்ட மனுஷனா, இல்லை. லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்தில் படியில் வழுக்கி விழுந்தார், அவ்வளவுதான், பத்து மாதம் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன், தலை தேய்த்துவிட்டேன், ஒரு நாள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது மனுஷன் விம்மிவிட்டார், "அம்பும் விட முடியலன்னா நான் இருந்து எதுக்கு சொல்லு" என்று. சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று இரண்டு பேரும் அப்புறம் பாசாங்கு பண்ணிக்கொண்டோம். அந்த விம்மலைக் கேட்ட எவளுக்கும் மூன்று மாதம் இழுத்தடிக்க மனசு வராது, எனக்கு வந்திருக்கிறது.

ஆறும் ஒட்டியாகிவிட்டது, ஆறவைத்துத் துடைத்தாயிற்று. கோட்டில் போய் நிற்கிறேன். முதலில் இறகு அம்பு நாலு, தோள் இறங்கட்டும், மூச்சு, தாடை, விடு... டப், டப், இரண்டு நடுவில், மூன்றாவது கொஞ்சம் கீழே, அது அம்பின் தப்பில்லை, முழங்கை தொங்கிவிட்டது, நாலாவது பரவாயில்லை. இனி மொட்டை. இறகில்லாத அம்பு கையில் பிடிப்பதற்கே ஒரு மாதிரி, வெறும் குச்சி, இது எங்கே நேராகப் போகப்போகிறது என்றுதான் ஒவ்வொரு தடவையும் தோன்றும். இழுத்தேன். விட்டேன். பலகையில் அது விழுந்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, ஆனாலும் நம்பாமல் இரண்டாவதையும் விட்டேன். இரண்டும் நாலுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருக்கின்றன, வாலும் இப்படி அப்படி சாயவில்லை, ஆறும் ஒரே கட்டாக, ஒரு கையால் மொத்தமாகப் பிடித்து உருவலாம் போல. அம்மாடி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சாவியக்கா ரேடியோவை இறக்கினாள். "என்னடி ஆச்சு?" "வந்துடுச்சுக்கா!" "எது?" "எல்லாம்!" நடந்து போனேனா ஓடினேனா தெரியவில்லை, பலகைக்கு முன்னால் நின்று ஆறையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், இருபத்தைந்து வருஷமாகத் துணி வெட்டுகிறேன், ஒரு சட்டையைக்கூட இப்படி நின்று பார்த்ததில்லை. சரி, ஆட்டம் முடிந்தது, கொடுத்துவிட வேண்டியதுதான், அவர் முகம் எப்படி மலரும், மலரட்டும், பாவம். அந்தச் சந்தோஷத்தின் அடியிலேயே ஒரு சோர்வு வந்து உட்கார்ந்துவிட்டது, பரீட்சை முடிந்த அன்று பள்ளிக்கூடத்தைவிட்டு வெளியே வருகிற மாதிரி.

அவருடைய அம்புக்கூட்டை வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தேன், தடித்த தோல், இடுப்பில் தொங்குவது, இதில் போட்டு முறையாகக் கையில் கொடுப்போமே என்று. இத்தனை நாள் ஒரு பழைய பிளாஸ்டிக் குழாயில்தான் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஆறையும் கூட்டில் போட்டேன், உள்ளே போய்விட்டன. அவருடைய பழைய அம்பைப் போட்டால் இறகும் அதற்குக் கீழே நாலு விரல் தண்டும் வெளியே நிற்கும், இவற்றுக்கு இறகே பாதிதான் தெரிகிறது, மொட்டைகளின் வால் மட்டும் எட்டிப் பார்க்கிறது. கூட்டின் அடியில் ஏதோ கிழிந்துவிட்டது போலிருக்கிறது என்று கையைவிட்டுத் தடவினேன், கிழியவில்லை. கழுத்தில் நாடா தொங்குகிறது, கடையிலிருந்து வரும்போது கழற்ற மறந்து எப்போதும் தொங்குவதுதான், எடுத்து அளந்தேன், இருபத்தெட்டு. இன்னொன்று, இருபத்தெட்டு. ஆறும் இருபத்தெட்டு, நூல் பிசகவில்லை. அவர் கை இழுக்கிற நீளம் முப்பது. முப்பது அங்குலம் இழுக்கிற ஆள் கையில் இருபத்தெட்டு அங்குல அம்பைக் கொடுத்தால் இழுத்த இழுப்பில் முனை வில்லைத் தாண்டி உள்ளே வந்து விழும், வில்லைப் பிடித்திருக்கிற கையின் மேல், அந்த நேரம் பார்த்து நாணை விட்டால் அம்பு கையைத் துளைத்துக்கொண்டு போகும்.  நான் இழுப்பது இருபத்தேழு. என் கைக்கு ஓர் அங்குலம் முன்னால், கச்சிதமாக, ஊரிலேயே நல்ல தையல்காரி அளவெடுத்துத் தைத்த மாதிரி.

அட, என்ன காரியம் பண்ணியிருக்கிறாய். விட்டுப் பார்த்தது நான், நான் இழுத்த இழுப்புக்குத்தானே அது நெளியும், நேராகும், இதில் அதிசயம் என்ன, வில்லுக்கு அம்பு பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று வில்லைப் பிடிக்கிற ஆளை விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் கால் அங்குலம் அளந்தேன், அரை அங்குலம் அளந்தேன், வெட்டி எறிகிற துண்டை அளந்தேனே தவிர மிச்சத்தை அளக்கவேயில்லை, மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட. மறதி என்று சொல்லலாமா, யாரிடம் சொல்வது, கடையில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் யாருக்கு எத்தனை என்று சொல்கிறவள், அவர் சட்டையெல்லாம் என் கையால் வெட்டினது, கல்யாணமான வருஷத்திலிருந்து, தோளிலிருந்து மணிக்கட்டு இருபத்தைந்தரை, இடது கை ஒரு நூல் கூட. அப்படிப்பட்டவள் கைக்கா தெரியாது? ஒரு அம்பு என்றால் பிசகு, ஆறு அம்பு, பதினோரு தடவை, ஆறு பதினொன்று அறுபத்தாறு வெட்டு. துணியில் குறைந்தால் ஒட்டுப் போடலாம், மடிப்பை அவிழ்த்து விடலாம், தண்டில் என்னத்தை அவிழ்ப்பது. என்ன சொல்லலாம். கடைக்காரன் குட்டையாகக் கொடுத்துவிட்டான் என்று சொல்லலாம், சீட்டில் முப்பத்திரண்டு என்று எழுதியிருக்கிறது, தொலைந்தது. பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்று சொல்லிக் குழாயோடு ஆறையும் சாக்கடையில் போட்டுவிடலாம், கை வராது. இன்றைக்கு மழை வரும் போலிருக்கிறது வீட்டிலேயே இருங்கள் என்று போன் பண்ணலாம், வானம் பளிச்சென்று இருக்கிறது, சனியன் பிடித்த வானம். யோசித்து யோசித்து ஒரு பொய்கூட உருப்படியாக வரவில்லை, பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டும் போலிருக்கிறது.

கேட் கிரீச்சிட்டது. மணி ஐந்தாகக் கால் மணி இருக்கிறது, எதற்கும் நேரத்துக்கு வராத மனுஷன் இன்றைக்குச் சீக்கிரம் வந்து நிற்கிறார். "வாங்க வாங்க, மாப்பிள்ளை கணக்கா வர்றீங்களே" என்று சாவியக்கா எழுந்தாள், உண்மைதான், நீலச் சட்டை, படிய வாரின தலை, தைலம் வாடை அவருக்கு முன்னால் வந்துவிட்டது. பல் டாக்டர் கை கொடுத்தான், தோள் எப்படி என்று கேட்டான், பதிலைக் கேட்காமல் பயிற்சி ஏதோ சொல்லிக்கொடுத்தான். அவர் நேராக வில்லிடம் போனார், எடுத்தார், பிடியைத் தடவினார். "லேசா இருக்கே இது... பரவால்ல, நல்லாத்தான் இருக்கு." சின்னப் பிள்ளை கையில் பொம்மை கிடைத்த மாதிரி ஒரு சிரிப்பு. "அம்பு முடிஞ்சுதா?" "ம்... வந்து..." அதற்குள் அவர் கூட்டைப் பார்த்துவிட்டார், உள்ளே கைவிட்டு ஒன்றை உருவிவிட்டார், அம்பைப் பார்க்கவில்லை, அவர் அம்பைப் பார்க்கிறவர் இல்லை, பலகையைப் பார்க்கிறவர், கோட்டில் நின்று நாணில் கோத்துக் கண்ணைப் பலகையில் வைத்துக்கொண்டு கையை உயர்த்தினார். நான் எங்கே நின்றேன், எப்படி அவர் பக்கத்தில் போனேன், தெரியாது.

"இழுக்காதீங்க!"

மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும், பல் டாக்டர்கூட வில்லை இறக்கிவிட்டான். அவர் பாதி இழுப்பில் நின்று, மெதுவாக நாணைத் திரும்ப விட்டார். "என்னாச்சு? ஏன் கத்துற?" "குட்டையா இருக்கு. இழுத்தா முனை கையில விழும்." அவர் அம்பைக் கழற்றி, வாலை நெஞ்சில் வைத்து இரண்டு கையையும் முன்னால் நீட்டினார், அம்பு எவ்வளவு வேண்டும் என்று பார்க்கிற பழைய முறை அது, விரல் நுனியைத் தாண்டி நிற்க வேண்டிய முனை உள்ளங்கைக்குள்ளேயே நின்றுபோயிற்று. ஒரு தடவை பார்த்தார், இன்னொரு அம்பை எடுத்தும் பார்த்தார். "எல்லாம் இப்படித்தானா?" "எல்லாம் இப்படித்தான்." "யார் அளவுக்கு வெட்டின?" இப்போதாவது ஏதாவது வரும் என்று பார்த்தேன், கடைக்காரன், சீட்டு, மழை, ஒன்றும் வரவில்லை, வாய் தானாகத் திறந்தது. "என் அளவுக்கு." "என் அளவு உனக்குத் தெரியாதா?" "தெரியும்." சாவியக்கா கேட்டில் ஏதோ வேலை இருக்கிற மாதிரி எழுந்து போனாள். நான் பேசிக்கொண்டே போகிறேன், நான்தான் பேசுகிறேனா, "உங்களுக்கு வேற தண்டு வாங்கலாம். ஆனா நீங்களே விட்டுப் பாத்துத்தான் வெட்டணும், நான் விட்டா என் கைக்குத்தான் வரும். பத்து பத்தா விடுங்க, தோளு வலிக்காது. இது... இந்த ஆறும் என்கிட்ட இருக்கட்டும்."

 அவர் அம்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் போல, விரலில் தண்டு உருள்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. அவருக்கு வலிக்கும், பத்து மாதம் காத்திருந்த மனுஷன், நியாயம் அவர் பக்கம்தான், நான் பண்ணினது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இருந்தாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் என் கண் முதலில் போகிற இடம் அவர் முகம், அதைப் பார்த்துத்தான் அன்றைக்குப் பேசுவதா சும்மா இருப்பதா, கேட்பதா நாளைக்குத் தள்ளுவதா என்று முடிவு, அது ஒரு வேலையாகவே எனக்குப் பட்டதில்லை. இப்போது நான் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், ஆறு அம்பும் குத்தி எடுத்த ஓட்டைகள் அவ்வளவு தூரத்தில் தெரியாது, தெரிகிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் அவர் தொண்டையைச் செருமுகிறார், ஏதோ சொல்லப்போகிறார், கோபமா, அழுகையா, சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை, நான் இன்னும் அவர் பக்கம் திரும்பவேயில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.